ஆறு எழுத்துக் கையெழுத்து

நான் சாட்சி சொன்ன அன்று கோர்ட்டுக்கு வந்திருந்தவர்கள் அக்கா, அம்மா, பக்கத்து வீட்டுச் சித்தி, நான். வராதவர்கள் நைனா, அக்கா வேலை பார்த்த பங்களாவின் சமையல்காரர், தோட்டக்காரர், அக்காவின் புருஷன். பங்களாம்மா முந்தின வாய்தாவிலேயே காரில் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருந்ததால் அன்று வரவில்லை. நான்கு வெள்ளிக் கரண்டிகளும் வரவில்லை. அவை எந்த வாய்தாவுக்கும் வரவில்லை.

நைனா ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். "ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு" என்று சொல்லி விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். காரணம் அது அல்ல. பெற்ற பெண் கூண்டில் நிற்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. சமையல்காரரும் தோட்டக்காரரும் வந்திருந்தால் மறுநாள் அவர்களுக்கு வேலை இருந்திருக்காது. அக்காவின் புருஷன் கோலார் தங்கவயலில் வேலை தேடிக்கொண்டு வருகிறேன் என்று போனவர், ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். என் பள்ளிச் சம்பளம், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அக்காவின் ஆயா சம்பளத்திலிருந்து வந்தவை. பிரேசர் டவுனில் ஒரு பெரிய ஆபீசரின் பங்களாவில் அவள் வேலை பார்த்தாள். இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்கவைப்பது, சாப்பாட்டு மேஜைச் சாமான்களைத் துடைத்து எண்ணி அலமாரியில் வைப்பது. மாதம் இருபத்திரண்டு ரூபாய், மத்தியானச் சாப்பாடு.

நான் அந்த நாட்களில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டும் நாவல் படித்துக்கொண்டும் இருந்தேன். காக்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் புத்தகங்களை வாடகைக்கு விடுவார்கள். வாரத்துக்கு ஒரு அணா. அங்கே போனால் என் கை தானாகவே கோர்ட்டு நாவல்களைத்தான் எடுக்கும். முதல் அத்தியாயத்தில் கொலை, நடுவில் துப்பு, கடைசியில் நூறு பக்கத்துக்கு விசாரணை. கறுப்பு கவுன் போட்ட வக்கீல் எழுந்து, "கனம் கோர்ட்டார் அவர்களே, இன்னும் ஒரே ஒரு கேள்வி" என்பார். அந்த ஒரு கேள்வியில் உண்மையான குற்றவாளிக்கு வேர்த்துவிடும். எனக்கும் வேர்க்கும். உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அது சரியான கேள்விக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லாம் சேர்த்தாலும் அந்த அளவுக்கு எதையும் நம்பியதில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் குழாயடிக்கு வரும் நேரத்தில் நான் அந்த நாவல்களை உரக்கப் படிப்பேன். எங்கள் லைனில் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் ஒரு குழாய். தண்ணீர் ஆறு மணிக்கு வந்து ஏழுக்கு நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் கதை. குடம் நிறையும்போது சத்தம் மாறும். அப்போது நிறுத்தி, அடுத்த குடம் வைத்த பிறகு தொடர வேண்டும். ஒரு கொலைகாரன் இரண்டு குடத்துக்கு நடுவே கத்தியை ஓங்கிக்கொண்டு நின்றதெல்லாம் உண்டு.

அந்த நாவல்களில் எங்கள் ஆட்களும் வருவார்கள். ஆயா, ஜட்காக்காரன், தோட்டி, காவல்காரன். இரண்டு பக்கத்துக்குக் கூண்டில் ஏறி, "நான் ஒண்ணும் அறியேன் சாமி" என்று அழுதுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். அல்லது நகையை எடுத்தது அவர்களாக இருக்கும். பக்கத்து வீட்டுச் சித்திக்கு இது பொறுக்காது. அவளும் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள்.

"இன்னாடா இது, எப்பப் பாத்தாலும் வேலக்காரிதான் எடுத்தாளா? ஒரு தபாவாச்சும் வூட்டுக்காரி எடுத்தான்னு எழுதமாட்டானா?"

"வூட்டுக்காரி எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு இல்ல சித்தி. அவ பொருள அவ எடுக்கறா" என்பாள் அக்கா.

அக்கா குழாய்ப் பக்கம் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தூங்குகிறாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பாதிக் கதையிலேயே, "இந்த டாக்டர் மூணு தரம் கைக்குட்டையால மூஞ்சத் தொடைக்கறான். இவன்தான்" என்பாள். பெரும்பாலும் அவன்தான். நான் ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் படித்தால் கண்டுபிடித்துவிடுவாள். நேற்று படித்ததை இன்று வராதவர்களுக்குச் சொல்லும்போது வக்கீல் சொன்ன வார்த்தைகளையே வரி பிசகாமல் சொல்லுவாள். ஒரு முறை, ஒரு நாவலில் ஆயா நாள் முழுக்க கோர்ட்டில் காத்திருந்ததைப் படித்தபோது கண்ணைத் திறந்து கேட்டாள்: "அன்னிக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு சோறு ஊட்டினா? அத எழுதலியா?"

எழுதவில்லை. நான் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

என் பரீட்சை முடிவு வந்த மாதம் அக்கா ஒரு ஆசையைச் சொன்னாள். பங்களாவில் ஒவ்வொரு முதல் தேதியும் சம்பளப் புத்தகத்தில் எல்லா வேலைக்காரர்களும் கட்டைவிரலை மையில் ஒற்றி வைப்பார்கள். அவளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

"தமிழ்லயா இங்கிலீஷ்லயா?" என்றேன்.

"அந்தப் புஸ்தகம் இங்கிலீஷ்ல இல்ல இருக்குது."

அவள் பெயர் இங்கிலீஷில் ஆறு எழுத்து. ஒரு சிலேட்டு வாங்கினேன். சொல்லிக்கொடுக்கிறவன் முதலில் எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்து, பிறகு பெயருக்கு வர வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. பெயரை எழுதிக் காட்டி, அதன் மேலேயே எழுதச் சொன்னேன். எங்கே தொடங்கி எங்கே வளைத்து எங்கே முடிப்பது என்று அவள் ஆறையும் ஒரே கோடாகப் பிடித்துக்கொண்டாள். நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் கீழே ஒரு சுழி போட்டு அழகுபடுத்தவும் காட்டிக்கொடுத்தேன். அது பெரிய ஆபீசர்கள் போடுவது.

ஆனால் நடுவிலிருந்து எழுத அவளுக்கு வராது. "மூணாவது எழுத்த மட்டும் எழுது" என்றால் முதல் எழுத்திலிருந்துதான் கையை ஓட்டுவாள். எது மூன்றாவது என்று அவளுக்குத் தெரியாது. தமிழிலும் ஒரு எழுத்துத் தெரியாது.

"அடுத்தது படிக்கச் சொல்லிக் குடுடா" என்றாள். "நாளைக்கு" என்றேன். நான்கைந்து நாள் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு என் நாவல் இருந்தது. பிறகு சிலேட்டு பரணுக்குப் போய்விட்டது. அவளும் கேட்கவில்லை. அந்த முதல் தேதி சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "சமையல்காரரு எட்டி எட்டிப் பாக்கறாரு. பங்களாம்மா பேஷ்னுட்டாங்க" என்று சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

பங்களாம்மாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் போட்டுப்போன ஷூ அவர் மகனுடைய பழையது. ஒரு விருந்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்ததில் பன்னிரண்டு வெள்ளிக் கரண்டியில் நான்கு குறைந்தது. வைப்பது அக்கா, எண்ணுவது அக்கா. வேறு யாரைக் கேட்பார்? அக்கா, தான் எட்டுதான் மேஜையிலிருந்து எடுத்ததாகச் சொன்னாள். அதோடு பேச்சு நின்றது.

அடுத்த முதல் தேதி சம்பளப் புத்தகத்தோடு டைப் அடித்த ஒரு காகிதத்தையும் பங்களாம்மா நீட்டினார். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார். மற்றவர்களுக்கு மைப்பெட்டி, அக்காவுக்கு மட்டும் பேனா. "கரண்டியப் பத்தி எழுதியிருக்கு" என்றாராம். அக்கா ஆறு எழுத்தையும் போட்டு, கீழே சுழியும் போட்டாள். நான்கு கரண்டியையும் நான்தான் எடுத்தேன், அதன் விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பது அந்தக் காகிதம்.

மறு மாதம் சம்பளத்தில் பாதிதான் வந்தது. அக்கா ஏன் என்று கேட்டாள். "நீதானே எழுதிக் கொடுத்தே?" "நான் எங்கேம்மா எழுதினேன், கையெழுத்துதான போட்டேன்?" பேச்சு வளர்ந்தது. அக்கா ஏதோ சொல்ல, பங்களாம்மா ஏதோ சொல்ல, சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் குழாயடியில் வந்து நின்றார். அன்றைக்கு நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. ஒரு ஆயா அப்போதுதான் கூண்டில் ஏறியிருந்தாள்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் வயதானவர். காக்ஸ் டவுனில் வீட்டு முன்கூடத்தில்தான் அவர் ஆபீஸ். கவுன் பழுத்து சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. காகிதத்தின் நகலைப் படித்துவிட்டு, "கையெழுத்து உங்க அக்காவுதுதானா?" என்று கேட்டார்.

"ஆமா சார். ஆனா அவளுக்குப் படிக்கத் தெரியாது."

"கைநாட்டு வெச்சிருந்தா நான் பொழச்சிருப்பேன். 'படிச்சுக் காட்டினீங்களா, யார் முன்னால படிச்சுக் காட்டினீங்க'ன்னு அந்தம்மாவ ஒரு பிடி பிடிச்சிருப்பேன். இங்கிலீஷ் காகிதத்துல இங்கிலீஷ் கையெழுத்து. அதுல சுழி வேற." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு இந்தச் சுழியக் கத்துக்குடுத்தது?"

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

என் நாவல் மூளை அன்றிரவெல்லாம் வேலை செய்தது. மறுநாள் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். கோர்ட்டில் அக்கா கையில் ஒரு காகிதம் கொடுங்கள். "கனம் கோர்ட்டார் அவர்களே, இந்தப் பெண் தன் பெயரின் மூன்றாவது எழுத்தை மட்டும் எழுதட்டும்" என்று சொல்லுங்கள். அவளால் முடியாது. எல்லோரும் பார்ப்பார்கள்.

வக்கீல் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை.

"நல்லாருக்குப்பா. கதையில வந்துதா?"

"இல்ல சார், நானே யோசிச்சேன்."

"கதையில செல்லும். இங்க, தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி நடிக்கிறான்னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. தெரியாதுங்கறத செஞ்சு காட்ட முடியாது. யாராச்சும் சொல்லணும். உங்க அக்கா சொன்னா எழுதிக்குவாங்க, ஆனா குத்தவாளிக் கூண்டுல நிக்கறவங்க சொல்றது சத்தியம் பண்ணின சாட்சி ஆகாது. சொல்லிக்குடுத்தவன் நீ. நீ ஏறிச் சொல்லு. 'பேரப் போட மட்டும்தான் காட்டினேன், படிக்கச் சொல்லித்தரல.' அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசாத."

நூறு நாவலில் கடைசி நேரத்தில் வந்து உண்மையைச் சொல்கிற அந்தச் சாட்சி நானாக இருக்கப் போகிறேன்.

சாட்சி சொல்லப் போகிறவன் தன் முறை வரும்வரை உள்ளே உட்காரக் கூடாது என்று எந்த நாவலும் எனக்குச் சொன்னதில்லை. முதல் இரண்டு வாய்தாவிலும் நான் வெளியே ஒரு மரத்தடியில் நின்றேன். பங்களாம்மா என்ன சொன்னார், அக்கா எப்படி நின்றாள், ஒன்றும் தெரியாது. மரத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் எங்களைப் போலவே கட்டுச்சோற்றோடு காத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசமாட்டார்கள். டவாலி வெளியே வந்து பெயரைக் கூப்பிடும்போது மட்டும் எல்லாத் தலையும் திரும்பும். பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்று அம்மா காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவாள். டவாலிக்கு நாலணா கொடுத்தால் கேஸ் மத்தியானத்துக்கு முன் வரும், கொடுக்காவிட்டால் நாலு மணிக்கு மேல் "அடுத்த வாய்தா" என்று வரும். நூறு பக்க விசாரணையில் இதற்கு ஒரு வரி இல்லை.

மூன்றாவது வாய்தாவில் என்னைக் கூப்பிட்டார்கள்.

அறை நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. ஜன்னல் பக்கம் இரண்டு வக்கீல்கள் வேறு ஏதோ கேஸைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். சுவரோரம் பெஞ்சில் அம்மாவும் சித்தியும். எதிரே கட்டைக்குப் பின்னால் அக்கா. பங்களாவுக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சேலையையே கட்டியிருந்தாள். நல்ல சேலை அது ஒன்றுதான். என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையை ஆட்டினாள். குழாயடியில் "ம், படி" என்று சொல்லும்போது ஆட்டுவது போல.

எங்கள் வக்கீல் கேட்டார். நான் சொன்னேன். பெயரைப் போட மட்டும் காட்டினேன். படிக்கச் சொல்லித்தரவில்லை. அவளுக்கு எந்த பாஷையிலும் படிக்கத் தெரியாது. நன்றாகத்தான் சொன்னேன். மாஜிஸ்திரேட் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு அரசாங்கத் தரப்பு இன்ஸ்பெக்டர் எழுந்தார். மத்தியான ஊட்டாவுக்கு, அதாவது சாப்பாட்டுக்கு, நேரமாகிவிட்டது என்பது அவர் கடிகாரத்தைப் பார்த்ததில் தெரிந்தது. கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார்.

"ஏனப்பா, நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"எஸ்.எஸ்.எல்.சி. சார். மொதல் தடவையே பாஸ்."

"பேஷ். யாரு படிக்க வெச்சா?"

"அக்காதான்."

"அக்கா உன்னப் பத்து வருஷம் படிக்க வெச்சா. நீ அக்காவுக்கு ஆறே எழுத்து சொல்லிக்குடுத்தே. அதுக்கு மேல?"

"இல்ல சார்."

"ஏன்? மண்டையில ஏறலியா? அவ்வளவு மந்தமா உங்க அக்கா?"

ஜன்னல் பக்கத்து வக்கீல்கள் சிரித்தார்கள். பெஞ்சு கிளார்க்கும் சிரித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. மந்தம் அவள் அல்ல. நான் சோம்பேறி. அவள் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், எனக்கு நாவல் படிக்க வேண்டியிருந்தது. என்னைப் படிக்க வைத்தவளுக்கு ஒரு மணி நேரம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொல்லியிருந்தால் அது உண்மை, அதுவே சாட்சி. மாஜிஸ்திரேட் நம்பியிருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அப்படி ஒரு அவமானத்தை யாரும் கற்பனை செய்து சொல்லமாட்டார்கள்.

நான் சொன்னது வேறு.

"எங்க அக்கா மந்தமில்ல சார். ஒரு தரம் சொன்னாப் போதும், கப்புனு புடிச்சுக்குவா. முந்நூறு பக்க நாவல வரி விடாம திருப்பிச் சொல்லுவா. என்னவிட அவதான் புத்திசாலி."

"நாவலா?"

"ஆமா சார்."

"ஒரு தரம் சொன்னா புடிச்சுக்குவா."

"ஆமா சார்."

"சொல்லிக்குடுத்தது நீ."

"ஆமா சார். ஆனா…"

"ஸாக்கு ஸாக்கு, எறங்கப்பா." போதும் என்று கையைக் காட்டிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

நான் எங்கள் வக்கீலைப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்பார் என்று நின்றேன். அவர் எழுந்து, நாவலைப் படித்துக் காட்டியது யார் என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். மாஜிஸ்திரேட் அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் அதற்கு முன் எழுதியதை அவர் அடிக்கவில்லை. நான் சொன்னது முழுவதும் இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். என்னுடையதிலும் சுழி உண்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு. குற்றவாளி எழுத்து தெரிந்தவள், இங்கிலீஷில் கையெழுத்திடுகிறவள், கூர்மையான ஞாபகம் உடையவள் என்று அவளுடைய தம்பியே ஒப்புக்கொள்கிறான். பொருளை அறியாமல் கையெழுத்திட்டாள் என்பதை ஏற்க முடியாது. முதல் குற்றம், பெண் என்பதால் சிறை வேண்டாம். எழுபத்தைந்து ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஒரு மாதம். வக்கீல் எங்களுக்குத் தமிழில் சொன்னார். "எழுத்து தெரிந்தவள்" என்ற இடத்தில் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையை அவளைப் பற்றி ஒருவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தரம்.

சித்தி அங்கேயே அம்மாவின் காதிலிருந்து கம்மலைத் திருகிக் கழற்றினாள். சிவப்புக் கல் கம்மல். நான் அதை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடினேன். பணத்தைக் கட்டி அக்காவை வெளியே அழைத்துவர ஐந்து மணி ஆயிற்று. அம்மாவும் சித்தியும் பஸ்ஸில் போனார்கள். அக்கா நடக்கலாம் என்றாள். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். பாதி வழியில் அவள் திரும்பாமலே கேட்டாள்.

"மந்தம்னு சொன்னா சொல்லிட்டுப் போறான். நீ ஏன்டா ரோசப்பட்டே?"

நான் வாயைத் திறந்தேன். சிலேட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன்.

"உடு" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, "நான் மந்தமில்லதான்" என்றாள்.

கரண்டிகளை யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விருந்துக்கு வந்தவர்களாக இருக்கலாம். குப்பையோடு போயிருக்கலாம். கோர்ட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. காகிதத்தைப் பற்றித்தான் எல்லாக் கேள்வியும். நாவல் என்றால் கடைசிப் பக்கத்தில் கரண்டி கிடைத்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு குழாயடியில் நான் படிக்கவில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. சித்தி ஒரு நாள், "அந்த ஆயா கூண்டுல ஏறினாளே, என்னடா ஆனா?" என்று கேட்டுவிட்டு, அக்கா குடத்தோடு வருவதைப் பார்த்து வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், குடங்கள் நிறையும், ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் மூடும். நான் உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நைனா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கோபமில்லை. என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. படித்த பிள்ளை என்று என்னிடம் எல்லா விஷயத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவர், எதையும் கேட்பதை விட்டுவிட்டார். வீட்டில் எல்லோரும் இருந்தோம். ஒவ்வொருவரும் ஒரு மரத்தடியில் காத்திருப்பதைப் போல இருந்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் பரணிலிருந்து சிலேட்டை இறக்கித் துடைத்தேன். அக்கா முன்னால் வைத்தேன்.

"அக்கா, இப்பக் கத்துக்கறியா? தமிழ்ல ஆரம்பிக்கலாம். தெனம் ஒரு மணி நேரம். சத்தியமா."

அவள் சிலேட்டைத் தொடவில்லை.

"இப்பக் கத்துக்கிட்டா, அன்னிக்கு நான் பொய் சொன்னதா ஆயிடும்டா."

"யாரு வந்து பாக்கப்போறாங்க?"

"நான் பாப்பேன் இல்ல."

பங்களா வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கேஸுக்குப் பிறகு பிரேசர் டவுனில் எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. ஊதுபத்தி உருட்டும் கொட்டகை ஒன்றில் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். கூலிப் பட்டியலை மேஸ்திரி நீட்டியபோது அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. அக்கா பேனாவைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை மையில் அழுத்தி, பட்டியலில் அழுத்தினாள். நன்றாகப் பதிந்ததா என்று குனிந்து பார்த்தாள்.

வெளியே வந்ததும், "கையெழுத்தே போட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"வேணாம்டா. இதுன்னா, இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும்னு யாரும் சொல்லமாட்டாங்க." விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஊதுபத்திக் கரி ஏற்கெனவே அந்தத் தலைப்பைக் கறுப்பாக்கியிருந்தது. மை தெரியவில்லை.

இப்போது எனக்கு ஒரு குமாஸ்தா வேலை இருக்கிறது. ஒழிந்த நேரத்தில் கதை எழுதுகிறேன். போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரர், கோர்ட்டு வைத்து ஒரு மர்ம நாவல் எழுதித் தாருங்களேன் என்றார். ஒரு வீடு, ஒரு விருந்து, காணாமல் போன வெள்ளிச் சாமான், ஒரு ஆயா என்று நாற்பது பக்கம் எழுதினேன். ஆயா கூண்டில் ஏறினாள். வக்கீல் எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, இந்தப் பெண் தன் பெயரின் மூன்றாவது எழுத்தை மட்டும் எழுதட்டும்." ஆயா எழுதத் திணறினாள், கோர்ட்டு ஸ்தம்பித்தது, நான் பேனாவைக் கீழே வைத்தேன். அது எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதே எனக்குக் கசந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு, அந்தக் கேள்வியை யாரும் கேட்காத இதை எழுதியிருக்கிறேன். அச்சில் வந்தால் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். சிலேட்டைப் பற்றிய பக்கத்தை விட்டுவிட்டுப் படிக்க முடியாது. விட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

செலவை அம்மா மட்டும் நினைவில் வைத்திருக்கிறாள், அவளுக்கு எழுதத் தெரியாததால். வக்கீலுக்கு நாற்பது ரூபாய். ஸ்டாம்பு, டைப், டவாலி எல்லாம் ஒன்பதரை. பஸ்ஸுக்கும் மத்தியானக் காபிக்கும் நாலு ரூபாய் பத்தணா. அபராதம் எழுபத்தைந்து. அன்று குழாயடியில் பாதியில் நின்றுபோன நாவலை ஆறு வாரம் தாமதமாகத் திருப்பிக் கொடுத்ததற்கு வாடகை ஆறணா. அந்த நாற்பது பக்கத்தை நாங்கள் யாரும் படிக்கவே இல்லை. எல்லாம் சேர்த்து நூற்று இருபத்தொன்பது ரூபாய் எட்டணா.